விட்ட ஆட்டமும் திரும்பி வந்த ஆட்டமும்



"ரெண்டு ஆட்டம் ஆடினா ஒண்ணும் உருப்படாது. ஏதாவது ஒண்ணை விடு." இதைக் கேட்காத விளையாட்டுப் பிள்ளை நம்ம பள்ளியில் இருக்க முடியாது. நான் கோ-கோவும் ஆடுறேன், 400 மீட்டரும் ஓடுறேன். எனக்கும் தினம் இதே பாட்டுதான். அதனால் இந்த முறை, ரெண்டு ஆட்டத்தில் ஒன்றை விட வேண்டி வந்த ஒரு அமெரிக்க வீரரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் சார்லி வார்ட்.

முதலில் ஒரு விளக்கம்

அமெரிக்காவில் 'ஃபுட்பால்' என்றால் நாம் காலால் உதைக்கும் கால்பந்து இல்லை. இரண்டு முனையும் கூரான பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள். ஒரு அணிக்கு 11 பேர். யார் எங்கே ஓடுகிறார் என்று ஒரு நொடியில் பார்த்துப் பந்தை எறிபவர் 'குவார்ட்டர்பேக்'. கூடைப்பந்தில் அணிக்கு 5 பேர். அங்கே பந்தைக் கொண்டுவந்து மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பவர் 'பாயின்ட் கார்டு'. யோசிச்சுப் பாருங்க, ரெண்டு பேருக்கும் வேலை ஒண்ணுதான். கண்ணால் தேட வேண்டும், சரியான ஆளுக்குக் கொடுக்க வேண்டும்.

சார்லி வார்ட் இந்த ரெண்டு வேலையையும் செய்தவர்!

கல்லூரி நாட்கள்

வார்ட் 1970-ல் ஜார்ஜியா மாநிலத்தில் தாமஸ்வில் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவே ஒரு பள்ளிப் பயிற்சியாளர். புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, ஃபுட்பால் சீசன் முடிந்ததும் கூடைப்பந்து அணிக்குப் போய்விடுவார்.

1992-ல் அவர் குவார்ட்டர்பேக் ஆனபோது ஆரம்பம் நல்லா இல்லை. எறிந்த பந்து பல தடவை எதிரணி கைக்குப் போனது. பயிற்சியாளர்கள் அவரைத் திட்டி உட்கார வைக்கவில்லை. ஆடும் முறையையே மாற்றினார்கள். வழக்கமாக ஒவ்வொரு முறையும் வீரர்கள் வட்டமாகக் கூடிப் பேசிவிட்டுத்தான் ஆடுவார்கள். அதை நிறுத்திவிட்டு வேக வேகமாக ஆட வைத்தார்கள். அதற்கு வைத்த பெயர் 'ஃபாஸ்ட் பிரேக்'. அது கூடைப்பந்துச் சொல்! எதிரணி திரும்பி வருவதற்குள் பந்தைக் கொண்டுபோவதுதான் ஃபாஸ்ட் பிரேக். அதாவது, "விடு" என்று சொல்லப்படும் ஆட்டமே இன்னொரு ஆட்டத்துக்குக் கை கொடுத்தது.

1993-ல் அவர் எறிந்து வந்த டச்டவுன்கள் 27. எதிரணி பிடித்தது வெறும் 4. கல்லூரி ஃபுட்பாலின் மிகப் பெரிய பரிசான ஹெய்ஸ்மன் கோப்பை அவருக்குக் கிடைத்தது. 1994 ஜனவரி 1-ல் நெப்ராஸ்கா அணியை 18-16 என்று வென்று, தன் பல்கலைக்கழகத்துக்கு முதல் தேசியப் பட்டத்தையும் வாங்கித் தந்தார். மாணவர் சங்கத் துணைத் தலைவராகவும் இருந்தார். பட்டமும் வாங்கினார். (படிப்பு கெட்டுப்போகும் என்பவர்கள் கவனிக்க!)

அவருடைய அறைத்தோழர் வாரிக் டன். டன்னின் அம்மா ஒரு போலீஸ்காரர். 1993 ஜனவரியில் கொள்ளையர்கள் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். 18 வயதில் தம்பி தங்கைகளின் பொறுப்பு டன் தலையில் விழுந்தது. அப்படி வந்த பையனுக்கு வார்ட் அண்ணன் மாதிரி இருந்தார். டன் பிற்காலத்தில் பெரிய ஃபுட்பால் வீரர் ஆனார்.

முடிவு எடுக்க வேண்டிய நாள்

அமெரிக்காவில் தொழில்முறை அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு 'டிராஃப்ட்' என்று பெயர். "ஃபுட்பாலில் முதல் சுற்றில் எடுத்தால் வருகிறேன். இல்லையென்றால் கூடைப்பந்து" என்பதுதான் வார்ட்டின் நிலை. உயரம் பத்தாது, கையில் பலம் பத்தாது என்ற பேச்சும் இருந்தது. 1994 ஏப்ரலில் 7 சுற்றுகளில் 222 பேரை எடுத்தார்கள். ஹெய்ஸ்மன் கோப்பை வாங்கியவரை ஒரு அணிகூட எடுக்கவில்லை!

இரண்டு மாதம் கழித்துக் கூடைப்பந்து டிராஃப்டில் நியூயார்க் நிக்ஸ் அணி அவரை 26-வது ஆளாக எடுத்தது. அங்கேயும் சுலபம் இல்லை. முதல் சீசனில் கிடைத்தது 10 ஆட்டம்தான். பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். 1997-98 சீசனில் 82 ஆட்டத்திலும் ஆடினார். 1999-ல் நிக்ஸ் இறுதிப் போட்டி வரை போய், சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியிடம் தோற்றது. மொத்தம் 11 சீசன்.

பள்ளி மைதானத்துக்கு

ஆட்டம் முடிந்த பிறகுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர், 2007-ல் அதே ஊரில் வெஸ்ட்பரி கிறிஸ்டியன் பள்ளிக்கு வந்தார். எதற்குத் தெரியுமா? ஃபுட்பால் சொல்லிக் கொடுக்க! தொழில்முறையில் ஒரு நாள்கூட ஆடக் கிடைக்காத அதே ஆட்டம். 2014-ல் பென்சகோலா ஊரில் இன்னொரு உயர்நிலைப் பள்ளியிலும் ஃபுட்பால்தான். 2018-ல் டல்லஹாசியில், தான் படித்த பல்கலைக்கழகத்தின் பள்ளியில் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஆனார். 2025-ல் அதே ஊரில் உள்ள புளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அணிக்குப் போனார்.

நான் புரிந்துகொண்டது

வார்ட்டும் ஒன்றை விட்டார். ஆனால் விட்டது 23 வயதில், ரெண்டையும் கடைசிவரை ஆடிப் பார்த்த பிறகு. நமக்கு 14 வயசுதான் ஆகுது. அவசரப்பட வேண்டாம். ஒருநாள் விட வேண்டி வந்தாலும் அது வீணாகாது. நமக்குக் கிடைக்காத ஆட்டத்தை அடுத்து வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாம். நம்ம பி.இ.டி. சாரும் எந்த ஆட்டத்தை விட்டுட்டு நம்மகிட்ட வந்தாரோ! இதுவரைக்கும் நாம யாரும் கேட்டதில்லையே?

யோசித்துப் பதில் சொல்லுங்கள்:
1. குவார்ட்டர்பேக், பாயின்ட் கார்டு இருவருக்கும் உள்ள ஒற்றுமை என்ன?
2. 'ஃபாஸ்ட் பிரேக்' எந்த ஆட்டத்தின் சொல்?
3. நீங்கள் ஆடும் இரண்டு ஆட்டங்களில் ஒன்று மற்றொன்றுக்கு எப்படி உதவுகிறது?

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்
(இன்னும் ரெண்டையும் விடாதவன்!)