எட்டு நூறும் ஒரு கடிகாரமும்

கேள்வி:

எனக்கு வயது 26. சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கம் குடியிருக்கிறேன். ஒரு சிறிய நீச்சல் மன்றத்தில் இரண்டு ஆண்டுகளாகப் பகுதிநேரத் துணைப் பயிற்றுவிப்பாளராக இருக்கிறேன். எங்கள் தலைமைப் பயிற்றுவிப்பாளர் மகப்பேறு விடுப்பில் போயிருக்கிறார். இன்னும் சில மாதங்களுக்கு 14 பிள்ளைகளும் என் பொறுப்பு. வயது 10 முதல் 15 வரை. பொது நீச்சல் வளாகத்தில் 50 மீட்டர் குளத்தில் இரண்டு லேன், வாரம் ஐந்து நாள், ஒன்றரை மணி நேரம்.

அமெரிக்கக் கல்லூரி அணிகளின் செட்டுகளை இணையத்திலிருந்து எடுத்து, தூரத்தைப் பாதியாக்கிக் கொடுத்துப் பார்த்தேன். சிலர் முடிக்கவே முடியாமல் திணறினார்கள். சிலர் சீக்கிரமே முடித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அரட்டை அடித்தார்கள். தொடக்கநிலை 6-ல் படிக்கும் ஒரு மாணவி 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் முதல் 50-ஐ 33 விநாடியில் போய்விடுகிறாள். திரும்பி வர 44 விநாடி ஆகிறது. பெற்றோர் சிலர், "மற்ற மன்றங்களில் ஒரு நாளைக்கு ஐந்து கிலோமீட்டர் நீந்துகிறார்கள், இங்கே ஏன் மூன்று?" என்று கேட்கிறார்கள். செட் எழுதுவதை எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

தம்பி, தூரத்தைப் பாதியாக்கினீர்கள். ஓய்வை என்ன செய்தீர்கள்? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. சிக்கல் அங்கேதான் என்று நினைக்கிறேன்.

வெள்ளைப் பலகையில் "8 × 100" என்று எழுதினால் அது இன்னும் செட் ஆகவில்லை. எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை சுவரை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று பக்கத்தில் எழுதும்போதுதான் செட் பிறக்கிறது. 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 5 நிமிடம் 20 விநாடியில் நீந்தும் ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். அவனுக்கு எட்டு நூறுகளை 1:35-க்கு ஒன்று என்று கொடுத்தால், ஒவ்வொன்றையும் 1:25-ல் நீந்திப் பத்து விநாடிதான் மூச்சு வாங்குவான். அது தாங்குதிறன் பயிற்சி. அதையே 2:00-க்கு ஒன்று என்று மாற்றி 1:20-ல் நீந்தச் சொன்னால் நாற்பது விநாடி ஓய்வு கிடைக்கும். இதயமும் நுரையீரலும் உச்சத்துக்குப் பக்கத்தில் வேலை செய்யும். நான்கு நூறு மட்டும், 5 நிமிடத்துக்கு ஒன்று, உயிரைக் கொடுத்து நீந்து என்றால் 1:12 பக்கம் வருவான், தசையெல்லாம் எரியும். நான்காவது வகை, கடிகாரத்தை மறந்துவிட்டு ஒரு நீளத்துக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணிக்கொண்டே நீந்துவது. நீந்துவது அதே நூறுகள்தான். உடம்பு கற்றுக்கொள்வது நான்கு வேறு பாடங்கள். கல்லூரி அணியின் செட்டில் மொத்தத் தூரத்தை மட்டும் குறைத்துக் கிளம்பும் நேரத்தை அப்படியே விட்டால், பத்து வயதுப் பிள்ளைக்கு மிஞ்சுவது இரண்டு விநாடி ஓய்வு. திணறாமல் என்ன செய்யும்?

இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கவுன்சில்மேன் என்றொரு பயிற்றுவிப்பாளர் இருந்தார். 1972-ல் ஏழு தங்கம் வென்ற மார்க் ஸ்பிட்ஸ் அவரிடம் நீந்தியவர்தான். குளத்தோரம் சிவப்பு முள் சுற்றும் அந்தப் பெரிய கடிகாரம் நீச்சல் உலகில் பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. பிள்ளைகள் அந்த முள்ளைப் பார்த்துத் தாங்களே கிளம்பவும், தங்கள் நேரத்தைத் தாங்களே சொல்லவும் பழக்குங்கள். 14 பேரின் நேரத்தையும் ஒற்றை ஸ்டாப்வாட்சில் உங்களால் பிடிக்க முடியாது.

அடுத்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் வேகம் வேண்டும். அதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஜப்பானில் வாகயோஷி என்ற ஆய்வாளரின் குழு 1992-ல் நீச்சலுக்குப் பொருத்திக் காட்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. பிள்ளையை ஒரு நாள் 400 மீட்டரும் இன்னொரு நாள் 200 மீட்டரும் முழு வேகத்தில் நீந்த வையுங்கள். இரண்டையும் சுவரை உதைத்தே தொடங்கட்டும், டைவ் வேண்டாம். முன்னே சொன்ன பையனின் 400 நேரம் 320 விநாடி. அவன் 200-ஐ 152 விநாடியில் முடித்தான் என்று வையுங்கள். வித்தியாசம் 168. அதாவது கூடுதலான 200 மீட்டருக்கு 168 விநாடி, நூறு மீட்டருக்கு 84 விநாடி, 1:24. களைப்பு குவியாமல் நீண்ட நேரம் பிடித்துக்கொள்ளக்கூடிய வேகம் ஏறத்தாழ இதுதான். இதை வாசல் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே நீந்தினால் உடம்பு தாக்குப்பிடிக்கும். மேலே போனால் மணல் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். முதலில் நான் எழுதிக் காட்டிய நேரங்கள் எல்லாம் இந்த 1:24-ஐ வைத்து வந்தவைதான். ஆறு வாரத்துக்கு ஒரு முறை சோதியுங்கள். வளரும் பிள்ளைகளுக்கு எண் சீக்கிரம் மாறும்.

இரண்டு லேனைப் பிரிக்கவும் இந்த எண்ணே உதவும். வயதைப் பார்த்துப் பிரிக்காதீர்கள். 1:24 உள்ள பதினொரு வயதுச் சிறுமியும் 1:25 உள்ள பதினைந்து வயதுப் பையனும் ஒரே லேனில் நிம்மதியாக நீந்தலாம். ஏழு பேர் ஐந்து விநாடி இடைவெளியில் கிளம்பினால் கடைசிப் பிள்ளை கிளம்ப அரை நிமிடம் ஆகும். 50 மீட்டர் குளத்தில் அது இடிக்காது.

நெரிசலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நான் நீந்தக் கற்றது ஃபேரர் பார்க் குளத்தில். 1957-ல் திறந்த குளம், சிராங்கூன் சாலையிலிருந்து நடந்தே போய்விட முடிந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி, மவுண்ட் எமிலி குன்றின்மேல் 1931-லேயே திறந்த நாட்டின் முதல் பொதுக்குளம் இருந்தது. அது இப்போது இல்லை. ஃபேரர் பார்க் குளத்தைச் சுற்றி வளர்ந்தவர்தான் ஆங் பெங் சியோங். அவருடைய அப்பா அங்கே வேலை பார்த்தவர். 1982-ல் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 22.69 விநாடியில் நீந்தினார். அந்த ஆண்டு உலகில் வேறு யாரும் அதைவிட வேகமாக நீந்தவில்லை. அதே ஆண்டு டெல்லி ஆசிய விளையாட்டில் 100 மீட்டர் தங்கத்தையும் கொண்டுவந்தார். தேக்காவில் காய்கறி வாங்கப் போகிறவர்கள் கடந்துபோன ஒரு பொதுக்குளத்தின் பிள்ளை அவர். உங்கள் இரண்டு லேன் போதும்.

இப்போது உங்கள் பட்டர்ஃபிளைப் பெண்ணிடம் வருவோம். கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அவளுடைய 33-ம் 44-ம்தான். பதினொரு விநாடி வித்தியாசம். 2016 ரியோவில் ஜோசஃப் ஸ்கூலிங் தங்கம் வென்ற அந்த நூறு மீட்டரை நினைத்துப் பாருங்கள். மொத்தம் 50.39 விநாடி. போனது 23.64, திரும்பியது 26.75. வித்தியாசம் மூன்று விநாடிக்குச் சற்று மேல். பின்னால் ஃபெல்ப்ஸ், லே க்ளோஸ், செஹ் மூவரும் ஒரே 51.14-ல் சுவரைத் தொட்டார்கள். முதல் பாதியிலேயே முந்திப்போன ஸ்கூலிங், இரண்டாம் பாதியிலும் அந்த இடைவெளியை விட்டுக்கொடுக்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அவரோடு ஒப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. பட்டர்ஃபிளை நூறு என்பது எப்படிப் பங்கிடப்படுகிறது என்று அவளுக்குக் காட்டத்தான்.

அவளுடைய இலக்கு 1:17-லிருந்து 1:14 என்று வைப்போம். அதை 34 விநாடி, 40 விநாடி என்று பிரியுங்கள். முதல் பாதியில் ஒரு விநாடி மெதுவாகப் போகச் சொல்கிறேன். கேட்டால் முகம் சுளிப்பாள், பரவாயில்லை. இரண்டாம் பாதி 40 என்றால் 25 மீட்டருக்கு 20 விநாடி. அவளுக்கு எழுத வேண்டிய செட் இது: பன்னிரண்டு ஐம்பது, 1:20-க்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் சுவரை உதைத்து முதல் 25 மீட்டர் பட்டர்ஃபிளை, சரியாக 20 விநாடி. மீதி 25 சாவகாசமான ஃப்ரீஸ்டைல். உதைத்துத் தொடங்குவதில் ஒரு காரணம் உண்டு: போட்டியில் இரண்டாம் பாதியும் சுவரை உதைத்துத்தான் தொடங்குகிறது. குளத்தோரம் பாதித் தூரத்தில் நின்று 20 விநாடியில் அவள் தலை கடக்கிறதா என்று பாருங்கள். ஒரு தடவை தவறினால் அடுத்ததை விட்டுவிட்டு ஓய்வெடுக்கட்டும். இரண்டாம் தடவையும் தவறினால் செட் முடிந்தது. ஒன்பதில் நின்றாலும் அவள் தோற்கவில்லை. பத்தாவதை 23 விநாடியில், இடுப்பு தாழ்ந்து, கைகள் தண்ணீரை இழுக்காமல் தடவிக்கொண்டு வந்தால் உடம்பு கற்றுக்கொள்வது அந்த 23-ஐத்தான். போட்டியின் கடைசி இருபது மீட்டரில் அவள் வெளியே எடுப்பதும் அதுவாகத்தான் இருக்கும்.

போட்டி வேகத்தில் குட்டித் தூரம், குட்டி ஓய்வு என்ற இந்த முறையை அமெரிக்காவில் பணியாற்றிய பேராசிரியர் பிரென்ட் ரஷால் ஒரு முழுத் திட்டமாகவே வளர்த்தார். மற்ற எதுவும் வேண்டாம் என்கிற அளவுக்கு அவர் போனார். அதில் நான் அவரோடு இல்லை. ஒரு நிமிடத்தைத் தாண்டும் போட்டியில் ஏறத்தாழ பாதிச் சக்தி மூச்சு வழியாகத்தான் வருகிறது. வாசல் வேகச் செட்டுகளைக் கைவிட்டால் அந்தப் பாதியைப் பட்டினி போடுகிறோம். வாரத்தில் இரண்டு நாள் வாசல் வேகம், இரண்டு நாள் போட்டி வேகம், ஒரு நாள் முழுக்க நுணுக்கம். உங்கள் ஐந்து நாளை இப்படிப் பிரிக்கலாம். தசை எரியும் அந்த 5 நிமிட செட்டைப் பதின்மூன்றுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கொடுக்காதீர்கள். பருவமடையாத உடம்பில் அவ்வளவு வேகத்துக்குச் சக்தி தரும் இயந்திரம் இன்னும் முழுதாகத் தயாராகவில்லை. வலிதான் மிஞ்சும். கையில் மாட்டும் பேடிலும் அவர்களுக்கு வேண்டாம், பட்டர்ஃபிளை நீந்தும் சின்னத் தோள் ஏற்கெனவே போதுமான பாரத்தைச் சுமக்கிறது.

பெற்றோரின் ஐந்து கிலோமீட்டருக்கு என்ன பதில்? டேவிட் காஸ்டில் என்ற உடலியல் அறிஞரின் குழு 1991-ல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லுங்கள். கல்லூரி நீச்சல் வீரர்களில் ஒரு பிரிவு ஒரு நாளைக்கு ஒரு தடவையும் இன்னொரு பிரிவு இரண்டு தடவையும் ஆறு வாரம் பயிற்சி செய்தது. இரட்டிப்பாக நீந்தியவர்கள் அதனால் கூடுதல் வேகம் பெறவில்லை. கிலோமீட்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 800, 1500 மீட்டர் நீந்துபவர்களுக்குத் தூரம் தேவை. ஆனால் செப்டம்பர் கடைசியில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதப் போகிற பிள்ளை, காலை ஏழரைக்குப் பள்ளியில் இருக்க வேண்டிய பிள்ளை, இரவு ஒன்பதுக்கு வீட்டுக்குத் திரும்பி வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளைக்குத் தூக்கமும் பயிற்சியின் ஒரு பகுதிதான். அதைத் திருடி இன்னும் இரண்டு கிலோமீட்டர் சேர்க்க எனக்கு மனம் வராது.

2025 ஜூலையில் உலகப் போட்டி இங்கே சிங்கப்பூரிலேயே நடந்தபோது, சீனாவின் யூ ஸிடி பன்னிரண்டு வயதில் 200 மீட்டர் தனிநபர் மெட்லியில் நான்காவதாக வந்தாள். அந்த வாரத்திலிருந்து பெற்றோரின் கண்ணில் ஓர் அவசரம் தெரிகிறது, எனக்குப் புரிகிறது. அவர்களிடம் நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷின் கதையையும் சொல்லுங்கள். ஒலிம்பிக் ஏ தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் அவர். 2021-ல் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1:56.38-ல் நீந்தியபோது அவருக்கு வயது 27. அதற்கு முன் கழுத்துக் காயத்தோடு போராடியவர். ஸ்கூலிங் தங்கம் வென்றது 21 வயதில். உங்கள் பெண்ணுக்கு இன்னும் எத்தனையோ செட் பாக்கி இருக்கிறது.

நம் ஊருக்கே உரிய இரண்டு விஷயங்கள். ஒன்று, மின்னல். பிற்பகலில் வானம் கறுத்து மின்னல் எச்சரிக்கை வந்தால் விசில் ஊதி எல்லாரையும் கரையேற்றிவிடுவார்கள். அதனால் அன்றைய முக்கிய செட்டைக் கடைசியில் வைக்காதீர்கள். வார்ம்-அப் பதினைந்து நிமிடம், உடனே முக்கிய செட், அதன் பிறகு கிக், டிரில் எல்லாம். மழையில் கரையேறினால் கூரையடியில் செய்ய ஒரு தரைப்பயிற்சித் தாள் எப்போதும் பையில் இருக்கட்டும்: பிளாங்க், தோள்பட்டை எலும்பைச் சேர்த்துப் பிடிக்கும் பயிற்சிகள், கைகளை ஒட்டித் தலைக்குமேல் நீட்டி நிற்கும் அம்பு நிலை. இரண்டாவது, வெப்பம். போட்டிக் குளத்தில் தண்ணீர் 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. திறந்தவெளிக் குளம் நாலு மணி வெயிலில் அதைத் தாண்டிவிடும். தண்ணீருக்குள் வியர்ப்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. வாசல் வேகச் செட்டின் நடுவே ஒரு நிமிடம் ஒதுக்கி ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர்ப் போத்தலைத் திணியுங்கள். சூடான நீரில் எல்லாருக்கும் ஒரு விநாடி கூடினால் சோம்பல் என்று திட்ட வேண்டாம். கிளம்பும் நேரத்தில் ஐந்து விநாடி சேருங்கள்.

வரும் செவ்வாய் 400 சோதனை, வியாழன் 200. அந்த இரண்டு நாளும் வேறு எந்தக் கடின செட்டும் வேண்டாம். பதினான்கு பெயர், பதினான்கு எண், லேன் ஒன்று, லேன் இரண்டு. ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கடிகாரத்துக்குக் கீழே பிள்ளைகள் கண்ணில் படும்படி சாய்த்து வையுங்கள். வெள்ளிக்கிழமை முதல் செட்டை நீங்களே எழுதிவிடுவீர்கள்.