கடைசிப் பெஞ்சின் வெளிச்சம்

விஞ்ஞானக் கல்வியில் சமத்துவம் வேண்டும் என்போர் பெரும்பாலும் விலையுயர்ந்த ஆய்வுக்கூடங்களையே எண்ணி ஏங்குகின்றனர். ஆனால் சாதாரண ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள்ளேயே ஒளியையும் ஒலியையும் அசைவையும் உணரும் சென்சார்கள் அமைந்திருக்க, ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2016-ல் வெளியிட்ட ‘ஃபைஃபாக்ஸ்’ என்னும் இலவசச் செயலி அவ்வுணர்வுகளை எண்களாகக் காட்டும் இக்காலத்தில், வகுப்பறையில் பெஞ்சுக்குப் பெஞ்சு நிலவும் ஒளி ஏற்றத்தாழ்வையே மாணவர் அளந்தறியும் பாடமாக அமைப்பது முற்றிலும் சாத்தியமான காரியம்.

முதற்கண், இணைய வசதியுள்ள இடத்தில் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு அளப்பதற்கு இணையம் தேவையில்லை. ஐபோனில் ஒளியளவு இச்செயலிக்குக் கிட்டுவதில்லை. கைப்பேசிக்குக் கைப்பேசி அளவு வேறுபடுமாதலால், எல்லாப் பெஞ்சுகளுக்கும் ஒரே கருவியைப் பயன்படுத்துவது அவசியம். மாணவர் பெஞ்சுகளின் இருப்பிடத்தைக் கட்டத்தாளில் வரைந்து, சன்னல்களையும் விளக்குகளையும் குறிக்கட்டும்.

அளக்கும்போது கைப்பேசியைத் திரை மேல்நோக்க மேசைமீது வைக்கவேண்டும். ஒளி சென்சார் பெரும்பாலும் திரையின் மேல்விளிம்பில், முன்புறக் கேமராவின் அருகே இருப்பதால், குனிந்து பார்க்கும் குழந்தையின் தலைநிழல் அதன்மேல் விழுந்தாலே எண் சடாரென்று சரிந்துவிடும். அச்சரிவைக் கண்டு மாணவர் வியந்து காரணம் தேடும் அந்தக் கணத்தை விரைந்து கடந்துவிடாதீர்கள்; பரிசோதனையில் பிழை எவ்வாறு நுழைகிறது என்பதை அதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் கற்பிக்காது. மேகம் கடந்தாலும் அளவு மாறுமாகையால், சன்னலோரப் பெஞ்சை முதலிலும் முடிவிலும் அளந்து, இரண்டும் ஏறக்குறைய ஒத்திருந்தால் மட்டுமே அட்டவணையை ஏற்கவேண்டும்.

இதனினும் முக்கியமான ஏற்பாடு ஒன்றுண்டு. கவனியாது விட்டால் கருவி பையன்களின் கையிலும் குறிப்பேடு பெண்களின் கையிலும் தங்கிவிடுவது பல வகுப்புகளின் வழக்கம். ஆகவே பெஞ்சு மாறுந்தோறும் கைப்பேசி பிடிப்பவர், எண் எழுதுபவர், படம் வரைபவர் ஆகிய மூவரும் பொறுப்பு மாறவேண்டும். யார் எத்தனை முறை கருவியைத் தொட்டனர் என்பதைக் கரும்பலகையில் கோடிட்டு எண்ணுங்கள். எவருக்குக் குறைந்திருக்கிறதோ அவருக்கே அடுத்த முறை முன்னுரிமை. அவ்வெண்ணிக்கையை அன்றே அழித்துவிடலாம். குழந்தைகளின் பெயர்களைக் கைப்பேசியில் சேமிக்கவேண்டியதில்லை.

இனி பகுப்பாய்வு. ஐந்து பெஞ்சுகளில் 600, 400, 250, 120, 80 லக்ஸ் (ஒளியளவின் அலகு) கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். சராசரி 290, வகுப்பறைக்குப் பொதுவாகக் கூறப்படும் 300 லக்ஸுக்கு அருகில் இருப்பதால் குறையொன்றுமில்லை என்று தோன்றும். ஆயினும் இரண்டு பெஞ்சுகள் அதில் பாதியைக்கூடப் பெறவில்லை. இடைநிலை அளவையும், மிகக் குறைந்த அளவையும், சன்னலிலிருந்து தூரம் கூடக் கூட ஒளி குறையும் வரைபடத்தையும் மாணவரே கணித்து வரையட்டும். சராசரி எவரை மறைத்தது என்ற கேள்வியை அவர்களிடமே கேளுங்கள்.

பரிகாரத்தையும் அவர்களே முன்மொழியட்டும்: சன்னலை மறைக்கும் அலமாரியை நகர்த்தலாம், சுவருக்கு வெள்ளையடிக்கலாம், வாரந்தோறும் இருக்கை மாற்றலாம். மாற்றம் செய்தபின் அதே கைப்பேசியால், அதே நேரத்தில், வானம் அதேபோல் தெளிந்திருக்கும் நாளொன்றில் மறுபடி அளந்து, இரு அட்டவணைகளையும் பக்கம்பக்கமாக ஒட்டி, அப்போதும் இருள் தீராத பெஞ்சுகளுக்கு விளக்கு வேண்டுமென்ற கோரிக்கையோடு பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் மாணவரைக்கொண்டே சமர்ப்பிக்கச் செய்யுங்கள்.