முதல் ஆற்றுப் போட்டி: எந்த ஆறு, எந்தப் படகு?

புதுச்சேரியில் சுண்ணாம்பாற்றின் நோணாங்குப்பம் படகு இல்லத்திலும் அரியாங்குப்பத்து அலையாத்திக் காட்டு ஓடைகளிலும் கயாக் ஓட்டிப் பழகியவருக்கு ஒரு கட்டத்தில் ஆசை வரும்: ஓடுகிற ஆற்றில், நாலு பேரோடு சேர்ந்து ஒரு கை பார்த்துவிட வேண்டும் என்று. நம் ஏம்பலத்திலிருந்து அதற்கு வெளியூர்தான் போயாக வேண்டும். சங்கராபரணியும் தென்பெண்ணையும் பெருக்கெடுப்பது ஐப்பசி, கார்த்திகையில்தான். அந்த வெள்ளத்தில் படகோடு இறங்கக் கூடாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை ஒட்டி சாத்தனூர் அணையைத் திறந்தபோது பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கிட்டத்தில் இருப்பது கேரளம். கோழிக்கோட்டை ஒட்டியே இரண்டு வாய்ப்புகள் உண்டு. இரண்டும் ஒரே ஆற்றுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கோடஞ்சேரிக்கு அருகே சாலிப்புழையிலும் இருவஞ்சிப்புழையிலும் நடப்பது மலபார் ரிவர் ஃபெஸ்டிவல். சாலிப்புழை இருவஞ்சியில் சேரும், இருவஞ்சி சாலியாற்றில் சேரும். அந்தச் சாலியாற்றில் நிலம்பூரிலிருந்து பேப்பூர் கடல்முகம் வரை, மூன்று நாளில் 68 கிலோமீட்டர் துடுப்பு போடுவது சாலியார் ரிவர் பேடில். முதல் தடவை போகிறவர் கீழேயிருந்து தொடங்கி, பிறகு மேலே ஏற வேண்டும் என்பதே என் முடிவு. சுண்ணாம்பாற்றில் பழகியவர் நேராகக் கோடஞ்சேரிக்குப் பெயர் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சாலியார் பயணம் போட்டியே இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான், அங்கே முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. கோழிக்கோட்டைச் சேர்ந்த ஜெல்லிஃபிஷ் நீர் விளையாட்டுக் குழு அதை ஆற்றைச் சுத்தம் செய்யும் பயணமாகவே நடத்துகிறது. போகிற வழியில் மிதக்கும் பிளாஸ்டிக்கைப் பொறுக்கிச் சேர்க்கிறார்கள். ஆனால் ஒரு போட்டி உங்களிடம் எதைச் சோதிக்குமோ அதில் முக்கால்வாசியை இந்த ஆறு சோதித்துவிடும். நாளொன்றுக்கு 22, 23 கிலோமீட்டர். அகலமான கயாக்கில் மணிக்கு நாலைந்து கிலோமீட்டர் போகிறவர் ஐந்து மணி நேரமாவது உட்கார்ந்தே இருக்க வேண்டும். முதல் நாள் மாலை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கொப்புளம் எழும்பும். இரண்டாம் நாள் காலை அந்தக் கையாலேயே துடுப்பைப் பிடிக்க வேண்டும். எவ்வளவு தண்ணீர் குடிப்பது, எப்போது சாப்பிடுவது, தோளால் இழுக்காமல் இடுப்பைத் திருப்பி எப்படித் துடுப்பு போடுவது என்பதையெல்லாம் உடம்பு தானே கற்றுக்கொள்வது இந்த இரண்டாம் நாளில்தான்.

வழியில் மாவூர் வரும். அங்கிருந்த மரக்கூழ் ஆலையின் கழிவு இந்த ஆற்றைப் பல ஆண்டுகள் கெடுத்தது. கரையோர மக்கள் நெடுங்காலம் போராடினார்கள். 2001இல் ஆலை மூடப்பட்டது. இன்று அதே தண்ணீரில் ஊரார் பார்த்திருக்கப் படகு விடுகிறார்கள் என்பது, எனக்கு எந்தக் கோப்பையையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

நம் ஊர்க்காரருக்கு இதில் இன்னொரு சாதகமும் உண்டு. பேப்பூரை நெருங்கும் கடைசிப் பகுதியில் கடல் ஏற்றமும் இறக்கமும் ஆற்றுக்குள் வரும். பிற்பகலில் கடற்காற்று முகத்தில் அடிக்கும். மலையாற்றிலேயே பழகியவர் அங்கே திணறுவார். சுண்ணாம்பாற்றில் பழகியவருக்கு அது தெரிந்த தண்ணீர்.

இனி மலபார் ரிவர் ஃபெஸ்டிவல். 2013 முதல் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நடக்கிறது. வெளிநாட்டு வீரர்களும் வருகிறார்கள். ஒட்டுமொத்தமாக வெல்பவருக்கு ரேபிட் ராஜா, ரேபிட் ராணி என்ற பட்டங்கள். ஸ்லாலம் பிரிவில், தொங்கும் கம்பங்களுக்கு நடுவே படகைச் செலுத்த வேண்டும். சர்வதேச விதிப்படி பச்சைக் கம்பத்தை ஓட்டத்தோடும் சிவப்புக் கம்பத்தை ஓட்டத்துக்கு எதிராகவும் கடக்க வேண்டும். கம்பத்தைத் தொட்டால் 2 வினாடி, தவறவிட்டால் 50 வினாடி கூடுதலாகச் சேரும். போட்டர் கிராஸில் பல படகுகள் ஒன்றாகப் பாயும், இடித்துக்கொள்வது சகஜம். தேர்ந்தவர்களுக்கும் இடைநிலைக்காரர்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. ஆனால் அந்த இடைநிலை என்பது பாறைகளில் நுரைத்துப் பாயும் ஆற்றில் பழகியவர்களில் இடைநிலை. தட்டையான தண்ணீரில் எத்தனை வருடம் ஓட்டியிருந்தாலும் அது அந்தக் கணக்கில் சேராது.

காரணம் எளிது. சுண்ணாம்பாற்றில் கவிழ்ந்தால் நீந்திப் போய்ப் படகைப் பிடிக்கலாம். பாறையாற்றில் கவிழ்ந்தால் ஆறு உங்களைக் கொண்டுபோகும். அங்கே எழுந்து நிற்க முயலவே கூடாது. பாறை இடுக்கில் கால் மாட்டினால் முழங்கால் ஆழத் தண்ணீர்கூட ஆளை முன்னே தள்ளி அமுக்கிவிடும். மல்லாந்து, கால்களை ஓட்டம் போகிற பக்கம் நீட்டி மிதந்து, நீர் தணிகிற ஓரத்துக்கு ஒதுங்க வேண்டும். விழுந்து கிடக்கும் மரத்தைக் கண்டால் விலகிப் போக வேண்டும். கிளைகள் தண்ணீரை விட்டுவிட்டு ஆளை மட்டும் பிடித்துக்கொள்ளும். இதெல்லாம் படித்துத் தெரிந்துகொள்கிற பாடம் இல்லை. கோடஞ்சேரிக்கு முதல் வருடம் பார்வையாளராகப் போங்கள், கரையிலிருந்து கவிழ்கிறவர்களைக் கவனியுங்கள், பயிற்சியாளர் ஒருவரிடம் சேருங்கள். அடுத்த வருடம் பெயர் கொடுக்கலாம்.

மூன்றாவது வழி ஸ்பிரிண்ட்: போபால் பெரிய ஏரியில் நடப்பது போன்ற 200, 500, 1000 மீட்டர் நேர்ப்பாதை ஓட்டம். இது ஆறே இல்லை. ஒற்றையர் கயாக் 5.2 மீட்டர் வரை நீளம், குறைந்தது 12 கிலோ எடை, ஒன்றரை அடிகூட அகலமில்லை. ஏறி உட்காரவே வாரக்கணக்கில் பழக வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைக்கு, பயிற்சி மையம் கிடைத்தால், இதைவிட நல்ல வழி இல்லை. நாற்பது வயதில் பொழுதுபோக்காக ஓட்டுகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

நெடுந்தூரக் கனவு உள்ளவர்கள் தென்னாப்பிரிக்காவின் டூசி கனோ மாரத்தானைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து, தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் டர்பன் வரை, சுமார் 120 கிலோமீட்டர். இயன் பிளேயர் 1951இல் தொடங்கிவைத்தது. படகு ஓட்ட முடியாத இடங்களில் அதைத் தோளில் சுமந்து ஓடுகிறார்கள். சாலியாற்றை இரண்டு, மூன்று முறை முடித்தவருக்கு அது எட்டாத தூரம் இல்லை.

படகு விஷயத்தில், சாலியாற்றுக்கு இரண்டு தேர்வு. மேலே உட்காரும் அகலமான கயாக் எளிதில் கவிழாது, கவிழ்ந்தாலும் மறுபடி ஏறலாம், ஆனால் மெதுவாகப் போகும். உள்ளே உட்காரும் நீளமான டூரிங் கயாக் அதே உழைப்பில் கூடுதல் தூரம் போகும். கவிழ்ந்தால் உள்ளிருந்து வெளியே வரத் தெரிந்திருந்தால் மட்டும் அதை எடுங்கள். இடுப்பளவுத் தண்ணீரில், பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு, வேண்டுமென்றே கவிழ்த்துப் பாருங்கள். மூக்கில் தண்ணீர் ஏறும்போது கை தானாகவே இருக்கைக் குழியின் விளிம்பைத் தேடிப் பிடிக்கிறதா என்று பாருங்கள். தேடவில்லை என்றால் அகலமான கயாக்கே போதும்.

பயிற்சிக்குச் சுண்ணாம்பாறே நல்ல ஆசான். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை நீரோட்டம் திசை மாறும். நீர் இறங்கும் நேரத்தில் எதிர்த்து மேலே போங்கள். கை ஓய்ந்ததும் அதே ஓட்டம் உங்களைப் படகு இல்லத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும். முகத்துவாரப் பக்கம் மட்டும் வேண்டாம், இறங்கும் நீர் அலைக்குள் இழுத்துவிடும். ஆற்றுக்குக் குறுக்கே உள்ள படுகை அணைகளும் வேண்டவே வேண்டாம். மேலிருந்து பார்த்தால் ஓரடி, ஈரடி வழிந்து விழுவது போலத்தான் தெரியும். ஆனால் விழுந்த நீர் அடியில் சுருண்டு அணையை நோக்கியே திரும்புவதால், மாட்டியவரைத் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். நல்ல நீச்சல்காரர்களும் அங்கே தப்புவது கடினம்.

பணம் கட்டும் முன் நடத்துகிறவர்களிடம் கேளுங்கள்: கூட வரும் மீட்புப் படகுகள் எத்தனை, நடுவில் முடியாமல் போனால் எந்தெந்தக் கடவில் கரையேறலாம், மழை வலுத்தால் நிறுத்துவது யார் முடிவு. புதுச்சேரியிலிருந்து மங்களூர் போகும் ரயில் கோழிக்கோடு வழியாகத்தான் செல்கிறது. கயாக்கை அதில் ஏற்ற முடியாது, அங்கே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். லைஃப் ஜாக்கெட் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். அதைப் போட்டு வாரை இறுக்கிய பிறகு, யாரையாவது இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை.