திறந்த வாசலும் கல்வியின் தரமும்

இத்தாலியில் உள்ள பலெர்மோ நகரின் வடமேற்குக் கோடியில், காப்போ காலோ மலையின் அடிவாரத்தில், மீன்பிடி படகுகளும் கடலுணவு விடுதிகளும் நிறைந்த ஸ்ஃபெர்ராகவால்லோவில், இரவு வெகுநேரம்வரை சமையற்கட்டில் உழைத்துவிட்டு மேலே படிக்க ஆசைப்படும் புலம்பெயர்ந்த தமிழர் ஒருவருக்கு முதலில் எழும் சந்தேகம், "நம்மையெல்லாம் சேர்த்துக்கொள்வார்களா?" என்பதே. அந்தச் சந்தேகத்தை வளர்க்கும் சில நம்பிக்கைகள், தகுதியுள்ள பலரை வாசலுக்கே வரவிடாமல் தடுத்துவிடுகின்றன ஆதலால், அவற்றைப் பரிசீலிப்பது அவசியமாகிறது.

நம்பிக்கை: விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோரைத் தள்ளிவிடும் கல்லூரியே உயர்ந்தது.

உண்மை: அனுமதி விகிதம் என்பது இருக்கும் இடங்களுக்கும் வந்த விண்ணப்பங்களுக்கும் உள்ள கணக்கேயன்றி, வகுப்பறையில் நடக்கும் போதனையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. 1901இல் அமெரிக்காவின் ஜோலியட் நகரில் தோன்றிய கல்லூரியும், 1996இல் சென்னையில் பாதியில் படிப்பை விட்டவர்களுக்காக ஏற்பட்ட சமூகக் கல்லூரியும், கல்விக்கு வழியின்றி நின்றவர்களுக்கு வாசலைத் திறக்கப் பிறந்தவை. இத்தாலியிலோ, 1973இல் உலோகத் தொழிலாளர்கள் தங்கள் ஒப்பந்தத்தின் மூலம் கல்விக்கென 150 மணி நேரச் சம்பளத்துடன் கூடிய சலுகையைப் பெற்றார்கள். அந்தப் பரம்பரையில் வந்ததே, 2012ஆம் ஆண்டின் விதிகளின்படி ஸ்தாபிக்கப்பட்டு, சி.பி.ஐ.ஏ. என்று வழங்கும் மாகாண முதியோர் கல்வி நிலையம். 16 வயது நிரம்பியவர்கள் அங்கே சேரலாம். பிரவேசப் பரீட்சையில் போட்டியிட்டு வெல்லவேண்டிய நிர்ப்பந்தம் இல்லை.

நம்பிக்கை: எல்லோரையும் சேர்ப்பதால், சான்றிதழும் சிரமமின்றிக் கிடைத்துவிடும்.

உண்மை: பெயர் கொடுத்தவரை ஆசிரியர்கள் எதிரே அமர்த்தி, ஊரில் எந்த வகுப்புவரை படித்தார், இத்தாலிய மொழி எவ்வளவு தெரியும், எந்த நேரத்தில் வேலை என்று நிதானமாக விசாரித்து, சிறு சோதனையும் வைத்து, அவருக்கே உரிய பாடத்திட்டத்தை ஒப்பந்தமாக எழுதி, இரு தரப்பினரும் கையொப்பமிட்ட பிறகே வகுப்புகள் ஆரம்பமாகின்றன. தெர்ஸா மேதியா எனப்படும் நடுநிலைப் பள்ளிச் சான்றிதழுக்கு 400 மணி நேரம் விதிக்கப்பட்டிருக்கிறது. ஏற்கெனவே கற்றவற்றுக்காக அதில் ஒரு பகுதி கழிக்கப்படலாமாயினும், எஞ்சியதில் 70 சதவீதமாவது வகுப்புக்கு வந்திருந்தால்தான் பரீட்சைக்கு உட்கார முடியும். சேர்வது சுலபம், முடிப்பதற்குத்தான் விடாமுயற்சி வேண்டும்.

நம்பிக்கை: இந்த வழியில் வந்தவர்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்காது.

உண்மை: தெர்ஸா மேதியா முடித்தவர்கள் மாலை வகுப்புகளில் மேல்நிலைப் படிப்பைத் தொடரலாம், அதன் டிப்ளோமாவைப் பெற்றவர்கள், எந்தப் பிரிவில் படித்திருந்தாலும் பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்பதற்கு 1969ஆம் ஆண்டுச் சட்டம் ஆதாரமாக நிற்கிறது. வைத்தியம், கட்டடக்கலை போன்ற துறைகளில் இடங்களை வரையறுக்க 1999ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்ததை எல்லாத் துறைகளுக்கும் பொருத்திப் பார்ப்பதே வீண் பயத்துக்குக் காரணம். இலங்கையிலோ தமிழகத்திலோ குறைந்தது 12 ஆண்டுப் பள்ளிக் கல்வியை முடித்து, பல்கலைக்கழகப் பிரவேசத்துக்குரிய தகுதியும் பெற்றவர்கள், க.பொ.த. உயர்தரச் சான்றிதழ் போன்றவற்றைப் பெட்டியடியில் பூட்டி வைக்காமல், அங்கீகாரத்துக்கு அனுப்ப வேண்டும். வேலை அனுமதியோ குடும்ப அனுமதியோ கொண்டு இங்கே சட்டப்படி வசிப்பவர்களுக்கு, இத்தாலிய மாணவர்களுக்குச் சமமான பிரவேச உரிமை உண்டு.

ஆகவே, ஒரு கல்விச்சாலையை மதிப்பிட விரும்புவோர், அது எத்தனை பேரைத் திருப்பியனுப்பியது என்று கேளாமல், உள்ளே வந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், தடுமாறியவர்களுக்கு என்ன துணை கிடைத்தது என்று கேட்பார்களாக. சி.பி.ஐ.ஏ.யில் பெயர் கொடுக்க வழக்கமாக மே 31 வரை காலம் உண்டு. தாமதித்தவர்களுக்கும் அக்டோபர் 15 வரை இடமளிப்பது நடைமுறை. கடவுச்சீட்டையும் வதிவிட அனுமதியையும் பழைய பள்ளிச் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு, வேலையில்லாத ஒரு பகல்பொழுதில் நேரே சென்று விசாரியுங்கள்.