தரை எங்கே, தம்பி?

அன்புத் தம்பிக்கு,

ஹாக்கி வீரர் தன்ராஜ் பிள்ளையைப் பற்றி நீ எழுதிய கட்டுரையை நேற்று இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில். கோபத்தில் டீ ஆறிப்போனது. இரண்டாம் தடவை வீட்டில், கையில் பென்சிலோடு. ‘மின்னல்’ ஐந்து இடத்தில் வெட்டுகிறது. ‘சூறாவளி’ மூன்று தரம் வீசுகிறது. ‘கண்ணீர்’ எத்தனை என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன்.

மின்னலுக்கு மணிக்கட்டு கிடையாது, தம்பி. தன்ராஜுக்கு உண்டு. நீயும் மட்டை பிடித்தவன்தான். மேலே பிடிக்கும் இடது கைதான் மட்டையைத் திருப்பும், வலது கை தளர்ந்து கூடவே போகும் என்பதையெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படியிருக்க, நான்கு பக்கக் கட்டுரையில் அந்தக் கைகள் ஒரு வரியில்கூட வரவில்லையே, அது எப்படி? மட்டையையே பார்க்காதவன் எழுதியிருந்தால் எனக்கு எரிச்சல் வந்திருக்காது. இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். பத்திரிகையில் ஆட்டச் செய்தி எழுதிய காலத்தில் நானும் சூறாவளிகளை வீசவிட்டவன்தான். இரவு பத்தரைக்கு அச்சுக்குப் போக வேண்டும், அப்போது கைக்கு வந்த சொல்லைப் போடுவோம். உனக்கு ஒரு மாதம் அவகாசம் இருந்தது.

சரி, அது சின்னக் குறை. பெரிய குறை தரை.

உடைந்த மட்டையைக் கயிறு சுற்றிக் கட்டி ஆடினார் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு முன்னால் எல்லாரும் அதை எழுதியாயிற்று. அவருடைய அப்பா நாகலிங்கம் பிள்ளையை ‘ஏழைத் தகப்பன்’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டாய். அவர் என்ன வேலை பார்த்தார்? புனே பக்கத்தில் கட்கியில், ராணுவத் தளவாடத் தொழிற்சாலையின் மைதானத்தைப் பராமரிக்கிற ஆள் அவர். மைதானக்காரர்! கல் பொறுக்கி, மேடு தட்டி, தண்ணீர் தெளித்துத் தரையைச் சமன் செய்கிறவருடைய பிள்ளை, பிற்பாடு நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை ஆடுகிறான். கட்டுரை அங்கே தொடங்கியிருக்க வேண்டும். நீயோ தன்ராஜின் அம்மா அழுத இடத்தில் தொடங்கியிருக்கிறாய்.

இது எனக்குப் பழைய பைத்தியம்தான், என் வீட்டில் கேட்டால் சிரிப்பார்கள். ஹாக்கியில் பாதி ஆட்டத்தைத் தரை ஆடுகிறது. திண்டிவனத்தில் நாங்கள் ஆடிய செம்மண்ணில், பந்து எப்போது எழும்பும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு கூழாங்கல் போதும், நேராக வந்த பந்து முழங்காலுக்கு ஏறும். என் முன்பல் ஒன்று அந்த மண்ணில்தான் கிடக்கிறது. அப்படிப்பட்ட தரையில் பந்தை நம்பி முன்னால் தள்ளிவிட்டு ஓட முடியாது, மட்டையோடு ஒட்ட வைத்தே கொண்டுபோக வேண்டும். நம் நாட்டு ஆட்டக்காரர்களின் கைவேலை முழுக்க அந்தப் பயத்தில் பிறந்தது என்பது என் கட்சி. 1976ல் மாண்ட்ரியலில் ஒலிம்பிக் ஹாக்கி முதல்முறையாகச் செயற்கைத் தரைக்குப் போனது. அதுவரை ஏழு தங்கம் வாங்கியிருந்த இந்தியா அந்த வருஷம் ஏழாம் இடம். வழவழவென்று ஓடும் தரையில் வேண்டியது ஓட்டமும் மூச்சும், பந்தைப் பட்டென்று நிறுத்தி நெடுந்தூரம் தள்ளும் பலமும்.

தன்ராஜ் இந்த இரண்டு தரைக்கும் நடுவில் வந்தவர். கை மண்ணில் பழகியது, கால் புது விரிப்பில் பழகியது. முழு வேகத்தில் ஓடும்போதும் பந்து மட்டையை விட்டு விலகாதது அதனால்தான் என்று நினைக்கிறேன். அதைத்தான் நீ ‘மின்னல்’ என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டாய்.

1996 டிசம்பரில் எழும்பூர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் சாம்பியன்ஸ் டிராபி நடந்தது. நம் மரக்காணத்துப் பெரியவர் ஒருவரை அழைத்துப் போயிருந்தேன். நாற்பது வருஷம் உப்பளத்தில் பலகை இழுத்தவர், ஹாக்கி பார்த்ததே இல்லை. ஆட்டத்துக்கு முன்னால் குழாய் வைத்துத் தரை முழுக்கத் தண்ணீர் பீய்ச்சினார்கள். பந்து வழுக்கி ஓட வேண்டும், விழுந்தவன் முட்டி தேயக் கூடாது, அதற்காக. பெரியவர் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் காதருகே குனிந்து, “இவ்ளோ தண்ணி பாய்ச்சுறானுங்களே, எப்ப உப்பு வாருவானுங்க?” என்றார். பக்கத்து இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். கோப்பையை நெதர்லாந்து கொண்டுபோனது. அந்த வாரம் நான் எழுதிய எல்லாச் செய்தியையும்விட அவர் கேட்ட கேள்விதான் இன்றைக்கும் நிற்கிறது. அவர் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

உன் கடைசிப் பத்திக்கு வருகிறேன். ‘கனடாவில் பிறந்து பனி ஹாக்கி ஆடியிருந்தால் கோடிகளில் புரண்டிருப்பார்’ என்று முடித்திருக்கிறாய். யார் சொன்னார்கள்? தன்ராஜ் 1989ல் இந்திய அணிக்குள் வந்தார். அதே 1989ல்தான் கனடாவில் பிறந்த ராபின் பாவா, என்.எச்.எல். என்கிற அந்தப் பெரிய லீகில் ஆடிய முதல் இந்திய வம்சாவளிக்காரர் ஆனார். நான்கு அணிகள், எல்லாம் சேர்த்து 61 ஆட்டங்கள். மீதிக் காலம் பெரும்பாலும் அதற்குக் கீழ்மட்ட லீகுகளில், ஊர் ஊராக. தன்ராஜ் பிழைப்பும் ஊர் ஊராகத்தான்: லண்டனில் இந்தியன் ஜிம்கானா, பிரான்ஸில் லியோன், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் கிக்கர்ஸ், மலேசியாவில், டாக்காவில். அத்தனையையும் ‘வெளிநாட்டு கிளப்புகள்’ என்று தாண்டிவிட்டாய். ஏர் இந்தியா வேலையைச் சொல்லவே இல்லை. ஆட்டக்காரன் எதைச் சாப்பிட்டு ஆடினான் என்பது அவன் அழுததைவிட முக்கியம். 1998ல் பாங்காக்கில் அணித்தலைவராக ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கி வந்தவரையும் இன்னும் சில மூத்தவர்களையும் அடுத்த தொடரில் எடுக்கவில்லை. ஓய்வு கொடுத்தோம் என்றார்கள். ஆட்டப் படிப்பணம் பற்றி வாய் திறந்ததற்கான தண்டனை என்று ஊரே பேசியது. அங்கே கோபப்பட வேண்டிய நீ, சிட்னி ஒலிம்பிக்கில் போலந்து கடைசி நிமிடங்களில் சமன் செய்த கோலுக்கு ஒன்றரைப் பக்கம் அழுதிருக்கிறாய்.

பனி ஹாக்கி என்றதும் இன்னொன்று. அந்தப் பனித்தரைக்கு அடியில் குழாய் பதித்திருப்பார்கள். பல இடங்களில் அதற்குள் ஓடுவது உப்புக் கரைசல். நாம் வாருகிற உப்பு அல்ல, பெரும்பாலும் அதன் பங்காளி உப்பு. உப்புத் தண்ணீர் லேசில் உறையாது. அதைப் பூஜ்யத்துக்குக் கீழே குளிரவைத்து ஓட விட்டால் மேலே இருக்கும் நல்ல தண்ணீர் இறுகிக் கல்லாகும். மரக்காணத்துப் பிள்ளை பனி ஹாக்கி பற்றி எழுதப் புகுந்தால் கோடி கண்ணில் படுகிறது, உப்பு படவில்லை!

இவ்வளவு திட்டியும் இந்தக் கட்டுரையை ஏன் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறேன் தெரியுமா? மூன்றாம் பக்கத்தில் ஐந்து வரி. மழை விட்ட பிறகு உன் அம்மா உப்புப் பாத்தி மிதிக்கிறதை எழுதியிருக்கிறாயே, அது. களிமண்ணில் ஈரம் கூடினால் குதிகால் புதைகிறது, குறைந்தால் பாளம் விடுகிறது. கண்ணால் பார்க்காமல் பாதத்தாலேயே அவர் அதைத் தெரிந்துகொள்கிறார் என்று. முப்பது வருஷம் விளையாட்டுப் பக்கம் எழுதிய எனக்கு அப்படி ஒரு வரி வாய்க்கவில்லை. பொறாமையோடு சொல்கிறேன். அந்தப் பாதத்தை ஒரு உவமைக்காக எட்டிப் பார்க்க வைத்துவிட்டு, உடனே மின்னலுக்கு ஓடிவிட்டாய். கட்கி மைதானக்காரரும் உன் அம்மாவும் செய்தது ஒரே வேலை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் எனக்குப் பென்சிலே தேவைப்பட்டிருக்காது.

தை பிறந்து பாத்தி மிதிக்க ஆரம்பித்ததும் சொல்லி அனுப்பு. கால்வாய்க் கரைவரை நடந்து வந்துவிடுவேன், அதற்குமேல் முட்டி ஒத்துழைக்காது. மட்டையையும் எடுத்து வா. இறுகிய பாத்தியில் பந்து எப்படி ஓடுகிறது என்று ஒரு தடவை பார்க்க வேண்டும். அம்மா திட்டினால் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்

பின்குறிப்பு: பாங்காக் தங்கம் ‘முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு’ வந்தது என்று எழுதியிருக்கிறாய். அதற்கு முந்தையது 1966. கழித்துப் பார்.