தீயணைப்பு வண்டிக்கு வரி ரசீது தேவையில்லை

மாசி, பங்குனி மாதங்களில் பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளத் தட்டைப் போரும், அரியலூர் பக்கம் முந்திரிச் சருகும் ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். அப்போதும் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லத் தயங்குவோர் உண்டு. "வண்டி வந்தால் பணம் கேட்பார்களோ, வீட்டு வரி பாக்கி இருக்கிறதே" என்ற ஐயமே காரணம்.

இப்படி ஒரு நிலைமை அமெரிக்காவில் உண்டு. அங்கு பல கிராமப்புறங்களில் தீயணைப்புக்கென்றே தனி வட்டாரம் அமைத்து, நிலம், வீடுகளின் மதிப்பின் மேல் வரி வசூலித்து வண்டி வாங்குகிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் 2022-ம் ஆண்டுச் சட்டப்படி, ஊதியமின்றித் தீயணைக்கும் தொண்டர்களின் வீட்டு மதிப்பில் 10 சதவீதம் வரை உள்ளாட்சிகள் வரி விலக்கு அளிக்கலாம். ஆனால் எல்லா இடத்திலும் இந்த ஏற்பாடு இல்லை. டென்னசி மாநிலத்தின் ஓபியன் பகுதியில் வெளியூர்க் குடும்பங்கள் நகரத் தீயணைப்பு நிலையத்துக்கு ஆண்டுக்கு 75 டாலர் கட்ட வேண்டியிருந்தது. அதைக் கட்டாத ஒரு குடும்பத்தின் வீடு 2010-ம் ஆண்டு எரிந்தபோது, வீரர்கள் அணைக்காமல் நின்றார்கள்.

நம் மாநிலத்தில் அந்த முறை இல்லை. தீயணைப்பு மீட்புப் பணித்துறை மாநில அரசின் துறை. செலவை அரசே ஏற்கிறது. ஊராட்சிக்குக் கட்டும் வீட்டு வரி வேறு, இது வேறு. தீயை அணைக்கக் கட்டணமும் இல்லை.

நமக்குள்ள இடையூறு தூரம்தான். பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் போன்ற ஊர்களிலிருந்து வண்டி வந்து சேர நேரமாகும். ஆகவே விவசாயிகள் கவனிக்க வேண்டியவை:

1. புகை கண்டதும் 101 அல்லது 112 எண்ணுக்குச் சொல்லுங்கள். ஊர்ப் பெயருடன், வழியில் உள்ள கோயில், பள்ளிக்கூடம் போன்ற அடையாளத்தையும் கூறுங்கள். சாலை முனையில் ஒருவரை நிறுத்துங்கள்.

2. போரை வீட்டுக்கும் மின்கம்பிக்கும் தள்ளிப் போடுங்கள். ஒரே பெரிய போராகப் போடாமல், இடைவெளி விட்டுச் சிறு போர்களாகப் போடுவது நல்லது.

3. வண்டி நுழையும் அகலத்துக்குக் களத்துப் பாதையை விட்டுவையுங்கள்.

4. முந்திரித் தோப்பின் ஓரத்தில் சருகைக் கூட்டி அகற்றுங்கள். வெறும் மண் தெரிந்தால் தீ தாண்டாது தடுக்க உதவும்.

வீடு எரிந்துவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் அன்றே தெரிவியுங்கள். கூரை வீடு இழந்தோருக்கு அரசு நிவாரணம் உண்டு. அதற்கு வருவாய்த் துறையினர் பார்வையிட்டு அறிக்கை தர வேண்டும். ஊராட்சி அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுத்து, நகலில் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால், இல்லாத வீட்டுக்கும் பதிவேட்டில் வரி ஏறிக்கொண்டே இருக்கும்.

வரி பாக்கியைப் பிறகு கட்டலாம். எரிந்த போர் திரும்ப வராது. முதலில் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.