நாலு சில்லில் ஒரு வீடு

கேள்வி: பழைய ஹயஸ் வான் ஒன்றைச் சூழலுக்குத் தீங்கில்லாத நடமாடும் வீடாக்கி, தீவகப் பக்கம் தங்கித் திரிய ஆசை. வெக்கைக்கு ஏசி பூட்டத்தான் வேண்டுமா?
– வாசகர், கொக்குவில்

ஏசி வேண்டாம். அந்தக் காசில் 200 வொட் சோலார் பனல் இரண்டும் 100 ஆம்பியர்-மணி லிதியம் பற்றரி ஒன்றும் வாங்குங்கள். சிறிய 12 வோல்ற் பிரிட்ஜ், விசிறிகள், விளக்குகள் எல்லாம் ஓடும். நம் ஊர் வெயில் உச்சியிலிருந்து விழுவதால் பனலைத் தட்டையாகவே பூட்டலாம். கூரைத் தகட்டிலிருந்து நாலு விரல் உயர்த்திப் பூட்டினால் அதன் நிழலே வானைக் குளிர்விக்கும். சோளகக் காலத்தில் பக்கக் கதவு தென்மேற்கைப் பார்க்க நிறுத்துங்கள். இரவில் விசிறிகூடத் தேவைப்படாது.

மின்சாரத்தை விடத் தண்ணீர்தான் பெரிய விடயம். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரே நமது கிணறுகளில் ஊறுகிறது. அந்தக் கல் முழுக்க வெடிப்பும் துளையும். நிலத்தில் ஊற்றும் சவர்க்காரத் தண்ணீர் சரியாக வடிபடாமலே யாரோ ஒருவரின் கிணற்றுக்குப் போய்விடும். அதனால் கழிவுநீருக்கு மூடிய தாங்கி கட்டாயம் வையுங்கள். வீட்டுக்குத் திரும்பியபின் வெறுமையாக்கலாம். மலசலகூடமும் மரத்தூள் போடும் உலர் வகையாக இருக்கட்டும்.

காரைநகர், ஊர்காவற்றுறை, புங்குடுதீவு வரை வானிலேயே போகலாம். நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானில் படகு ஏற வேண்டும். குடிதண்ணீரைப் புறப்படும்போதே நிரப்பிக்கொள்ளுங்கள். தீவக மக்களுக்கே அது தட்டுப்பாடு.